மண்ணடி விதையும் மழைக்காலக் களையும்

புதுக்கோட்டைச் செம்மண்ணில் பனிக்காலக் களைகளின் வாழ்க்கை வடகிழக்குப் பருவமழையோடு தொடங்குகிறது. ஐப்பசிப் பெருமழை ஓய்ந்த சில நாள்களிலேயே கீழாநெல்லி, குப்பைமேனி, தும்பை, நாய்வேளை எனப் பாத்தியெங்கும் முளை கிளம்பிவிடும். மாசி, பங்குனி வெயிலில் அவை காய்ந்து மடியும். அதற்குள் விதை உதிர்ந்திருக்கும். ஆண்டின் பெரும்பகுதியை இக்களைகள் மண்ணுக்குள் விதையாகவே கழிக்கின்றன. களையடக்கம் என்பது அவ்விதைச் சேமிப்போடு நடத்தும் போர்.

அச்சேமிப்பின் ஆயுளை அறிய, 1879இல் வில்லியம் பீல் என்னும் தாவரவியலார் அமெரிக்க மிச்சிகனில் களை விதைகளை மணலோடு 20 புட்டிகளில் இட்டுப் புதைத்தார். 2021இல் அகழ்ந்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்கும் நம் மண்ணில் அத்துணைக் காலம் தாங்குவது அரிது என்றாலும், ஓராண்டுக் கவனக்குறைவு பல்லாண்டு வேலையாகும்.

சிறுவிதைகள் பல ஒளி பட்டாலன்றி முளைப்பதில்லை. விதையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி, செவ்வொளி பட்டதும் உருமாறி முளைப்பைத் தூண்டுகிறது. அடர்ந்த இலைகளின் கீழ் செவ்வொளி குறைவதால் விதை உறங்கும். மல்லிகைக்கு நவம்பர் இறுதியில் கவாத்து செய்வது வழக்கம். மழையீரம் மிகுந்த அந்நாளில் நிழல் நீங்கினால் களைக்குக் கொண்டாட்டமே. கீரமங்கலம் வட்டாரப் பூந்தோட்டத்தார் கவாத்து முடிந்த கையோடு சருகையோ வைக்கோலையோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புவது நலம். களைக்கொத்தை ஆழ ஓட்டுவது, உறங்கும் விதைகளைத் தட்டியெழுப்புவதாகும். மேலாகச் செதுக்குவதே போதும். புதுப் பாத்தியாயின், பண்படுத்தி நீர்விட்டு, முளைத்த களையைச் சுரண்டி அழித்தபின் நாற்று நடலாம்.

வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் அமைந்த மாவட்டம் இது. உளுந்தில் முதல் 30 நாள் களையின்றிக் காக்க வேண்டும் என்பது இங்கு உழவர் அறிந்த பாடம். அதன்பின் பயிரே நிலத்தை மூடிக்கொள்ளும். பூம்பாத்தியில் செடிகளுக்கிடையே மண் திறந்தே கிடப்பதால், களை பூக்கும் நாளே நமக்குக் கெடு. கீழாநெல்லியைப் பிடுங்கி இலையைத் திருப்பினால், இளஞ்செடியிலேயே கடுகளவு காய்கள் அடியில் வரிசையாகத் தொங்கும். முற்றிய காய் வெடித்து விதை தெறிக்கும். மருந்துச் செடியாயிற்றே என்று பாத்தியோரம் போட்டு வைப்பது விதைப்பதற்கு ஒப்பு.

பார்த்தீனியம் இன்னும் கொடிது. 1950களில் புனேயில் அறியப்பட்ட இது, செடிக்குப் பல்லாயிரம் விதை ஈனும். தோலில் ஒவ்வாமையும் உண்டாக்கும். கையுறை அணிந்து, மண் ஈரமாயிருக்கையில், பூக்குமுன் வேரோடு பறிக்க வேண்டும்.

புல்தரைக்குச் சொல்ல வேண்டியது சிறிதே: அருகை மண் தெரிய ஒட்ட வெட்டாதீர்கள், புல்லின் நிழலே அங்கு மூடாக்கு. கோரைக்கு மட்டும் இம்முறைகள் பலிக்கா. மண்ணடிக் கிழங்கால் பல்லாண்டு வாழும் அது, மூடாக்கையும் துளைத்து மேலே வரும். கிழங்கோடு தோண்டியே எடுக்க வேண்டும்.