நாலு மெகாபைட்டுக்குள் ஓர் இயங்குதளம்

சுங்கை சிப்புட், பீடோர், சிம்மோர் பக்கம் பால்மரத் தோட்டங்கள் இருந்த நிலத்தில் இன்று தாமான் வீடுகள் வரிசை கட்டி நிற்கின்றன. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் டிவிக்குப் பக்கத்தில் ஒரு வைஃபை பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு முழுக் கணினி. அதற்குச் செயலி உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ். சில ஆண்டுகள் போனதும் தயாரித்த நிறுவனம் அதற்குப் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிடும். பெட்டியில் ஒரு பழுதும் இருக்காது. ஆனால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். கடைசியில் அது பழைய சாமான் லாரியில் ஏறிவிடும்.

அந்தப் பெட்டிகளுக்கு மறு ஆயுள் கொடுக்கும் திறமூலத் திட்டம்தான் ஓப்பன் டபிள்யூஆர்டி. மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பதுதான் திறமூலம். இந்தத் திட்டத்துக்கு விதை விழுந்தது 2003-ல். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுவதை ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர் பொதுவில் சுட்டிக்காட்டினார். லினக்ஸை வைத்துப் பொருள் விற்பவர் அதன் மூல நிரலையும் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. நிறுவனம் நிரலை வெளியிட்டது. 2004-ல் தன்னார்வலர்கள் அதைப் பிடித்துக்கொண்டு திட்டத்தைத் தொடங்கினார்கள்.

அந்தப் பெட்டியின் நிரந்தர நினைவகம் 4 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த இடத்தை அடைத்துவிடும். அதற்குள் லினக்ஸின் கரு, தீச்சுவர், வைஃபை இயக்கி எல்லாம் அடங்கின. சூட்சுமம் இரண்டு அடுக்கில் இருக்கிறது. கீழடுக்கில் இயங்குதளம் இறுக்கிச் சுருக்கப்பட்டு, படிக்க மட்டும் முடிகிற வடிவில் கிடக்கும். நாம் மாற்றும் அமைப்புகள் மேலடுக்கில் மட்டும் எழுதப்படும். எதையாவது குழப்பிவிட்டால் மேலடுக்கை அழித்தால் போதும், பெட்டி புதிதாகிவிடும்.

ஆனால் இந்தத் திட்டத்தின் உண்மையான படைப்பு இயங்குதளம் அல்ல, அதைச் சமைக்கும் முறை என்பேன். உங்கள் மடிக்கணினியின் செயலிக்குப் புரியும் கட்டளைகள் பெட்டியின் செயலிக்குப் புரியாது. அதனால் கட்டுமானம் முதலில் ஒரு தொகுப்பியை, அதாவது மனிதர் எழுதிய நிரலை இயந்திரக் கட்டளையாக மாற்றும் கருவியை, உருவாக்குகிறது. அது ஓடுவது மடிக்கணினியில், எழுதித் தருவது பெட்டிக்கான கட்டளைகளை. இதற்குக் குறுக்குத் தொகுப்பு என்று பெயர். அதன் பிறகு நூலகம், லினக்ஸ் கரு, பயன்பாடுகள் என்று ஒவ்வொன்றாகப் பிறக்கின்றன. சாதாரண மடிக்கணினியில் முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம்.

சமையல் குறிப்புக்குள் பிறர் எழுதிய நிரல்களின் நகல் இருக்காது. பெயர், பதிப்பு எண், எடுக்க வேண்டிய முகவரி, 64 எழுத்தில் ஒரு கைரேகை, இவ்வளவுதான். திட்டத்துக்கு வேண்டிய மாற்றங்கள் எண்ணிட்ட சிறு ஒட்டுகளாகத் தனியே நிற்கும். தோட்டத்து நாற்றங்காலில், விதையில் முளைத்த கன்றின் தண்டில் நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை ஒட்டிக் கட்டுவார்களே, அதே ஏற்பாடு. வேர் ஒருவருடையது, மொட்டு இன்னொருவருடையது. வேர்ப்பக்கம் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் ஒட்டுகள் பிடிக்கின்றனவா என்று பார்த்து மறுபடி பொருத்த வேண்டும். பராமரிப்பாளர்களின் நாட்கள் பெரும்பாலும் இதிலேயே கழிகின்றன. புதிதாக எழுதுபவரைவிட இவர்களைத்தான் நான் அதிகம் மெச்சுவேன்.

அந்தக் கைரேகை ஒரு கோப்பின் மொத்த உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டது. ஓர் எழுத்து மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். 64 எழுத்தும் ஏன் வேண்டும் என்பது 2024 டிசம்பரில் தெரிந்தது. கேட்பவருக்கு ஏற்றபடி ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஏற்றும் மென்பொருள், கட்டித் தரும் திட்டத்தின் சேவையகம் ஓரிடத்தில் ரேகையின் முதல் 12 எழுத்தை மட்டுமே ஒப்பிட்டு வந்தது. ஒவ்வோர் இடத்திலும் 16 குறிகளில் ஒன்று வரலாம். 12 இடத்துக்கு ஏறக்குறைய 281 டிரில்லியன் வாய்ப்புகள். பெரிய எண்தான். ஆனால் விநாடிக்குப் பத்து பில்லியன் ரேகை கணக்கிடும் இயந்திரம் எட்டு மணி நேரத்துக்குள் அத்தனையையும் எண்ணி முடித்துவிடும். நல்ல ஃபர்ம்வேர் கேட்டவருக்கு நச்சு கலந்ததை அனுப்ப இது வழி திறக்கும். ரியோட்டாகே என்ற புனைபெயர் கொண்ட ஜப்பானிய ஆய்வாளர் கண்டுபிடித்துத் தெரிவித்தார். மூன்று மணி நேரத்தில் ஓட்டை அடைபட்டது. நிரல் திறந்து கிடந்ததால்தான் வெளியாள் ஒருவர் அதைப் பார்க்க முடிந்தது.

திட்டம் ஆதரிக்கும் பெட்டிகளின் பட்டியலில் இல்லாத ஒன்றை எப்படிச் சேர்ப்பது? மூடியைக் கழற்றினால் பல பலகைகளில் ஓரமாக நான்கு சிறு துளைகள் தெரியும். தொழிற்சாலை சோதனைக்காக விட்ட தொடர்முனை அது. அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, தரைக்கு ஒன்று என மூன்று கம்பி போதும். மின்சாரம் வரும் நான்காவது துளையைத் தொடக் கூடாது. பெரும்பாலும் 3.3 வோல்ட், விநாடிக்கு 1,15,200 பிட். யூஎஸ்பி மாற்றியில் இணைத்து மின்சாரம் கொடுத்ததும், அதுவரை விளக்கை மட்டும் சிமிட்டிய பெட்டி திரையில் பேசத் தொடங்கும். செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எல்லாம் வரிவரியாக ஓடும். அவற்றைச் சாதன மரம் என்ற கோப்பில் எழுத வேண்டும். எந்த முனையில் விளக்கு, எந்த முனையில் பொத்தான் என்று லினக்ஸுக்குச் சொல்லும் வரைபடம் அது. நினைவகத்தின் ஒரு மூலையை மட்டும் யாரும் அழிப்பதில்லை. அந்தத் தனிப்பெட்டியின் வானொலிப் பகுதிக்குத் தொழிற்சாலையில் அளந்து பதித்த சீரமைப்பு எண்கள் அங்கே இருக்கின்றன. அவை போனால் வேறெங்கும் கிடைக்காது.

எழுதியதைத் திட்டத்துக்கு அனுப்பும்போது சில்லு எது, நினைவகம் எவ்வளவு, எப்படி நிறுவுவது என்றெல்லாம் விளக்க வேண்டும். கடைசியில் பெயரிட்டு ஓர் உறுதிமொழி வரி: இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்பது அதன் பொருள். லினக்ஸ் 2004-ல் தொடங்கிய வழக்கம் இது. பிறகு சரிபார்ப்பவர் கேள்வி கேட்பார். ஒட்டுத்தாளில் அச்சிட்ட எண்ணும் பெட்டி காட்டும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா? மீட்டமைப் பொத்தான் வேலை செய்கிறதா? அவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், பதில் பெட்டியைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் இருக்கிறது. ஈப்போவில் ஒரு பாலிடெக்னிக் மாணவி அதை வைத்திருந்தால் அந்தக் கேள்விக்கு உலகத்திலேயே அவள்தான் அதிகாரி.

எல்லாப் பெட்டியையும் காப்பாற்ற முடிவதில்லை. லினக்ஸ் வளர்ந்துவிட்டது, 4 மெகாபைட் பெட்டிகளைத் திட்டமே கைவிட்டுவிட்டது. இன்று 8 மெகாபைட் நினைவகமும் 64 மெகாபைட் ரேமும் குறைந்தபட்சம். 2024-ல் ஓப்பன் டபிள்யூஆர்டி ஒன் என்ற சொந்தப் பெட்டியே வெளிவந்தது. 256 மெகாபைட் நினைவகம், 1 ஜிகாபைட் ரேம். பழைய டபிள்யூஆர்டி54ஜியோடு ஒப்பிட்டால் இரண்டுமே 64 மடங்கு. மீட்புக்கென்று தனிச் சில்லும், அதற்கு மாற ஒரு விசையும் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பெட்டியில் முயல்வதானால் அடியில் ஒட்டிய தாளில் மாதிரி எண்ணோடு வன்பொருள் பதிப்பையும் பாருங்கள். 2005-ல் டபிள்யூஆர்டி54ஜி ஐந்தாம் பதிப்பு அதே பெயரில், பாதி நினைவகத்தோடு, லினக்ஸே இல்லாமல் வந்தது. யூனிஃபை இணைய இணைப்புள்ளவர்கள் நிறுவிய பின் விலான் எண், அதாவது இணையத் தரவைத் தனியே பிரிக்கும் குறியெண், 500 என்று கொடுக்க வேண்டும். ஃபைபர் மோடத்தை அப்படியே விட்டுவிடலாம்.