உடும்புக் கடியை மறைக்காதீர்

கோழிக்கூண்டில் புகுந்த உடும்பை வாலைப் பிடித்து இழுத்தவரும், மாமிசத்துக்காகப் பொந்தைத் தோண்டியவரும், கடிபட்ட கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்து, வனத்துறைக்குப் பயந்து, “தகரம் கிழித்துவிட்டது” என்று வைத்தியரிடம் சொல்லும் விபரீதம் நம் கிராமங்களில் ஓயவில்லை. அதை நம்பி அவர் தையல் போட்டு அனுப்பிவிட, உள்ளே ஒடிந்து தங்கிய பல்லும் அழுக்கும் சில நாளில் சீழாகின்றன.

கவ்விய உடும்பிடமிருந்து கையைப் பிடுங்கலாகாது. அதன் பற்கள் பின்னோக்கி வளைந்தவையாதலால் சதை கிழியும். மழுங்கிய குச்சியைத் தாடைகளுக்கிடையே நுழைத்து நெம்பி விடுவிப்பதே உசிதம். பிறகு சோப்பிட்டு, ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். “பாம்பு விஷத்துக்குத்தான் இங்கே ஊசி” என்று திருப்பியனுப்பும் சிப்பந்திகளும் உண்டு, நகராதீர்கள். விஷமுறிவு மருந்து உடும்புக் கடிக்குத் தேவையில்லை, உண்மைதான். ஊர்வனவற்றால் வெறிநோய் பரவுவதுமில்லை. ஆனால் டி.டி. ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் இத்தகைய அசுத்தக் காயத்துக்கு மறுபடி போட வேண்டும். பல் தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும். விரல் மடங்காவிட்டால் நரம்போ தசைநாணோ அறுந்திருக்கலாமாகையால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். இருட்டில் கடித்தது எதுவென்று தெரியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். பாம்புக்கடி என்றே எண்ணிக் கண்காணிப்பார்கள். ஓ.பி. சீட்டில் “உடும்புக் கடி” என்ற சொல்லும், கடித்த நேரமும், ஊசி போட்ட தேதியும் இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டுத்தான் பேசும்.

சட்டத்தைப் பற்றிய அச்சம் பாதி அறியாமை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. வேட்டையாடினால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஆயினும் தற்காப்புக்காக நல்லெண்ணத்துடன் காயப்படுத்துவதோ கொல்வதோ குற்றமன்று என்று அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு கூறுகிறது. வேட்டைக்குப் போனவருக்கு அந்தச் சலுகை இல்லை. செத்த உடும்பு சர்க்கார் சொத்து. புதைத்து மறைக்காமல் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மீண்டும் சொல்கிறேன்: வைத்தியரிடம் மறைக்காதீர்கள். வீட்டுக்குள் உடும்பு புகுந்தால் கையை நீட்டாமல், கதவைத் திறந்துவிட்டு, 101-க்குப் போன் செய்யுங்கள்.