தாழ்த்திய காரில் டயர் உரசுவது ஏன்?

கார் ஒன்று வளைவில் திரும்புகிறது. 'சர்ர்' என்று ஓர் ஓசை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மீண்டும் அதே ஓசை. சற்று நேரத்தில் ரப்பர் கருகும் வாடையும் வருகிறது. மட்கார்டின் உள்விளிம்பு டயரைச் சீவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் உள்ள காரில் இது பெரும்பாலும் நேர்வதில்லை. தரையை நோக்கித் தாழ்த்திய கார்களில்தான் இந்தத் தொல்லை.

காரை ஏன் தாழ்த்த வேண்டும்? புவியீர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் கார் குறைவாகச் சாயும் என்பது பந்தயக்காரர்கள் சொல்லும் காரணம். மற்றவர்களுக்கு அழகுதான் காரணம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் 1940களிலேயே, பழைய கார்களின் பின்புறப் பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றியும் சுருள்வில்களை வெட்டியும் கார்களைத் தாழ்த்தினார்கள். இவ்வகைக் கார்களுக்கு 'லோரைடர்' என்று பெயர்.

இனி இயற்பியலுக்கு வருவோம். சுருள்வில் எவ்வளவு அமுங்கும் என்பது அதன்மேல் உள்ள விசையைப் பொறுத்தது என்பதை இராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். விசை = k × அமுக்கம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே 80 மி.மீ. இடைவெளி உள்ள காரை 40 மி.மீ. தாழ்த்திவிட்டதாகக் கொள்வோம். இடைவெளி பாதியாயிற்று. தொல்லை இரண்டு மடங்குதானே என்று நினைப்பீர்கள். அப்படியன்று! ஓய்வு நிலையிலிருந்து x தூரம் அமுங்கும்போது சுருள்வில் தாங்கும் குலுக்கலின் ஆற்றல் ½kx² ஆகும். x பாதியானால் ஆற்றல் கால் பங்காகிறது. ஆகவே முன்பு தாங்கிய அதே குலுக்கலை உரசாமல் தாங்க, k நான்கு மடங்காக வேண்டும். (ஷாக் அப்சார்பரின் பங்கை இங்கே ஒதுக்கிவிட்டோம்.) சுருள்வில்லை வெட்டினால் அது விறைப்பாகும் என்பது உண்மையே. ஆனால் 6 சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் k 1.2 மடங்குதான் ஆகும். நான்கு எங்கே, 1.2 எங்கே! போதாக்குறைக்கு, வெட்டிய வில் சக்கரம் தொங்கும் வேளையில் இருப்பிடத்தைவிட்டு நழுவவும் கூடும்.

பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் k மி.மீ.க்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஆக்சிலின்மேல் 160 கிலோ கூடுதலாக ஏறினால் சக்கரத்துக்குச் சுமார் 800 நியூட்டன். அமுக்கம் 40 மி.மீ. மீதமிருந்த இடைவெளி முழுவதும் போயிற்று! தனியாக ஓட்டும்போது உரசாத கார், பின்னால் இருவர் பெட்டிகளுடன் ஏறியதும் உரசத் தொடங்கும் மர்மம் இதுதான்.

எங்கே உரசுகிறது என்று அறியாமல் மருந்து தேடக்கூடாது. மட்கார்டின் உட்புறமெங்கும் சாக்பீஸைத் தடவி, காரை மெதுவாகத் திருப்பியும் சிறு மேடுகளில் ஏற்றியும் பார்த்தால், சாக்பீஸ் அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும். நேராகச் செல்கையில் குலுங்கும்போது உரசினால் பெரும்பாலும் குற்றவாளி வெளிவிளிம்பு. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது உரசினால் உட்புறத்தைப் பாருங்கள். உட்புற உரசலுக்குச் சக்கரத்தின் பின்னே 5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரம் அவ்வளவு வெளியே வரும். ஆனால் வெளிவிளிம்பு உரசலுக்கு அதுவே வினையாகும். போல்ட்டுகளின் பிடியும் குறையும். நீளமான போல்ட்டுகள் தேவை.

வெளிவிளிம்பு உரசினால், சூடான காற்றால் பெயிண்டை இளக்கி, மட்கார்டின் உள்மடிப்பை உருளையால் மேல்நோக்கி மடக்கிவிடுவார்கள். சக்கரத்தின் தலையை உள்நோக்கி 1 பாகை சாய்ப்பதும் உண்டு. டயரின் ஆரம் 316 மி.மீ. என்றால் உச்சி 5.5 மி.மீ. உள்ளே போகும், டயரின் உள்ஓரம் விரைவில் தேயும்.

சிறிய டயர் போடலாமா? டயரில் 205/55 ஆர் 16 என்று எழுதியிருந்தால் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். மொத்த விட்டம் 631.9 மி.மீ. வருகிறதா என்று கணக்கிட்டுப் பாருங்கள். 55க்குப் பதில் 50 என்றால் விட்டம் 611.4 மி.மீ.; மேலே 10 மி.மீ. இடம் கிடைக்கும். சரியாகக் காட்டிவந்த வேகமானி இனி 100 கி.மீ. காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 97 கி.மீ.தான். அதைவிட முக்கியம் சுமை எண். 91 என்பது 615 கிலோ. 87 என்பது 545 கிலோ. கார் தயாரித்தவர் குறித்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது.

என்னைக் கேட்டால், உயரத்தை 15 மி.மீ. திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது என்பேன். அத்துடன், அமுக்கத்தின் எல்லையில் உள்ள ரப்பர் கட்டை, டயர் தகட்டைத் தொடுமுன் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கலிபோர்னியாக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் உடல் இறங்கக்கூடாது என்று 1958இல் அங்கே சட்டம் வந்தது. 2024இல்தான் அது நீங்கியது. ரான் அகீரே என்பவர் 1959இல் தம் கார்வெட் காரில் திரவ அழுத்தக் கருவிகளைப் பொருத்தினார். நிற்கும்போது தாழும், ஓடும்போது உயரும்!

ஏற்கெனவே உரசிய டயரை மறந்துவிடக்கூடாது. கழற்றி, பக்கச்சுவரை இருபுறமும் தடவிப் பார்க்க வேண்டும். ரப்பருக்கு அடியிலுள்ள நூலிழை தெரிந்தால் அது எந்த நேரமும் வெடிக்கலாம். பஞ்சர் கடைக்குக் கொண்டுபோவதும் வீண்: ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும் அந்த இடத்தில் ஒட்டு நிற்காது.