முதுகெலும்பு தரும் முன்னறிவிப்பு

எலும்பைக் கல்லுக்கு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் எலும்பு உயிருள்ள பொருள். ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன; மற்றொரு வகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிதாகக் கட்டுகின்றன. ஏறக்குறைய 30 வயது வரை இக்கணக்கில் வரவே மிகுதி. பிறகு செலவு மெல்ல ஓங்குகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அச்செலவு விரைவடைகிறது. இவ்வாறு எலும்பு உள்ளே துளைபட்டு வலிமை இழப்பதையே எலும்புப்புரை நோய் என்கிறோம்.

இந்நோய் ஓசையின்றி வளர்வது. என் 61-ஆம் வயதில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகில் சுளீரென்று வலித்தது. தசைப்பிடிப்பு என்று சொல்லித் தைலம் தந்தார்கள், வலியும் தணிந்தது. ஆனால் வழக்கம்போல் உடுத்திய புடவை தரையில் புரளத் தொடங்கியது. எட்டிய அலமாரித் தட்டு எட்டாமற் போயிற்று. இரண்டாண்டு கழித்து மீண்டும் வலி வந்தபோதுதான் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார்கள். முள்ளெலும்புகள் இரண்டு நசுங்கியிருந்தன. ஒன்று பழையது, மற்றொன்று புதியது. என் உயரம் 5 சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

இத்தாமதத்தின் விலை என்ன? முதல் முறிவு அடுத்த முறிவுக்கு முன்னறிவிப்பாகும். முள்ளெலும்பு முறிந்த மூதாட்டியரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மற்றொன்றும் முறிகிறது என்று 2001-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் ‘டெக்சா’ சோதனை உண்டு. எலும்பைக் கரைக்கும் அணுக்களை அடக்கும் மருந்துகளும் உண்டு. அவை இனிவரும் முறிவைக் குறைக்கும். நசுங்கிய எலும்பை நிமிர்த்தமாட்டா.

ஆகவே நான் வாழும் முறையை மாற்றிக்கொண்டேன். குனிந்து கோலமிடுவதில்லை, பொருளை எடுக்க முழங்காலை மடக்குகிறேன், இடறும் பாய்களை அகற்றிவிட்டேன். மருத்துவர் வகுத்த பயிற்சிகளையும் நாள்தோறும் செய்கிறேன்.

மாணவர்களே, எலும்பைச் சேர்த்துவைக்கும் பருவம் உங்களுடையது. கேழ்வரகும் பாலும் கீரையும் உண்ணுங்கள். வெயிலில் ஓடி விளையாடுங்கள். இன்றே உங்கள் பாட்டியைச் சுவரருகே நிற்கவைத்து உயரத்தை அளந்து பாருங்கள். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், ‘வயதானால் கூனத்தான் செய்யும்’ என்று இருந்துவிடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.