மாற்றிய காரும் மறைத்த செய்தியும்

காப்பீட்டியல் பாடத்தில் 'உச்ச நன்னம்பிக்கை' என்றொரு தத்துவம் உண்டு. வணிகவியல் மாணவர்கள் தேர்வுக்கு முதல்நாள் இரவு அதை நெட்டுருப் போட்டு, ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு, மண்டபத்தை விட்டு வெளியே வரும்போதே மறந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; பாடநூல்கள் அதை அவ்வளவு வறட்சியாகச் சொல்லுகின்றன. "சார், எங்களிடம் கார் இருந்தால்தானே இன்ஷூரன்ஸ்?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அப்பாவிடமோ, மாமாவிடமோ ஒரு பழைய கார் இருக்கிறது. அதில் அவர் எதையாவது புதிதாகப் பொருத்தியும் இருப்பார். ஆகவே இதைச் சற்று விளக்கிச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். ஏமாந்தால் அது அவர் பாடு. காப்பீட்டு ஒப்பந்தம் அப்படிப்பட்டதன்று. காரைப் பற்றிய செய்தியெல்லாம் உரிமையாளரிடம் இருக்கிறது; கம்பெனியின் கையில் இருப்பது ஒரு விண்ணப்பத் தாள் மட்டுமே. அதில் எழுதியதை நம்பித்தான் பிரீமியத்தைக் கணக்கிடுகிறார்கள். எனவே, ஏற்பதா வேண்டாமா, எவ்வளவு பிரீமியத்துக்கு ஏற்பது என்ற முடிவைப் பாதிக்கக்கூடிய எந்தச் செய்தியையும் மறைக்கக் கூடாது என்பது விதி.

இவ்விதிக்கு மூலமாகச் சொல்லப்படுவது 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த தீர்ப்பு. சுமத்ராத் தீவில் மார்ல்பரோ கோட்டையின் ஆளுநராயிருந்த கார்ட்டர் என்பவர், கோட்டை அந்நியர் கையில் சிக்கினால் இழப்பீடு கிடைக்குமாறு காப்பீடு செய்திருந்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துவிட்டனர். கோட்டையின் பலவீனத்தை அவர் சொல்லவில்லை என்று காப்பீடு கொடுத்தவர் பணம் தர மறுத்தார். செய்திகளை மறைக்கக் கூடாது என்று நீதிபதி விதியை விளக்கிவிட்டு, இந்த வழக்கில் காப்பீடு கொடுத்தவர் தாமே அறிந்திருக்கக் கூடியதுதான் அது என்று கார்ட்டரின் பக்கமே தீர்ப்பளித்தார். முதற்பாதியைப் பாடநூல்கள் பெரிதாகப் போடுகின்றன. பிற்பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. பாலிசிதாரர்களுக்கு உதவக்கூடியது அந்தப் பிற்பாதி!

இனி நம் காருக்கு வருவோம். பாலிசியில் காரின் மதிப்பு என்று அச்சிட்டிருக்கிறதே, அது உற்பத்தியாளர் நிர்ணயித்த விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானம் கழித்துவரும் தொகை. ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டு வரை 20 சதவீதம், நான்காண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை 50 சதவீதம் என்று அது போகும். கடையில் தனியாக வாங்கிப் பொருத்திய பாட்டுப்பெட்டியும், கூடுதல் விளக்குகளும் அந்த மதிப்பில் சேரவில்லை. திருட்டுப் போனால் அவற்றுக்கு ஒரு காசும் வராது. சொல்லிச் சேர்த்திருந்தால் என்ன செலவாகும்? 2002-ஆம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகளில் மின்சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்று இருந்தது. 40,000 ரூபாய்ப் பொருளுக்கு 1,600 ரூபாய். 2007-க்குப் பின் சொந்தச் சேதத்துக்கான கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடலாம். ஆயினும் தனியாகச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும் என்ற முறை மாறவில்லை.

பாட்டுப்பெட்டி விஷயத்தில் நட்டம் அந்தப் பெட்டியோடு போகிறது. எரிவாயுக் கருவி அப்படியன்று. பெட்ரோல் காரில் எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி. கருவி பொருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. அங்கீகாரம் பெற்ற கருவியாக இருக்க வேண்டும். மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஆர்.சி.யில் ஏறிவிட்டதால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தானே தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அலுவலகம்; இரண்டிடத்திலும் சொல்ல வேண்டும்.

எங்கள் துறையில் படித்த மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஆங்கிலக் கடிதம், வீட்டில் யாருக்கும் புரியவில்லையாம். அவருடைய தந்தை கடன் வாங்கி ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். பெட்ரோல் செலவு தாளாமல், பட்டறை ஒன்றில் எரிவாயுக் கருவி பொருத்திக்கொண்டார். ஆர்.சி.யிலும் பதியவில்லை, பாலிசியிலும் சேர்க்கவில்லை. புதுப்பிக்கும்போது, எரிவாயுக் கருவி உண்டா என்ற கேள்விக்கு ஏஜெண்டே 'இல்லை' என்று எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கிப் போயிருக்கிறார். கார் தீப்பிடித்தது; நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. சர்வேயர் பின்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதினார். முழுத் தொகையும் மறுக்கப்படுகிறது என்பதுதான் அக்கடிதத்தின் சாரம். "ஏஜெண்டுக்குத் தெரியுமே சார்" என்றார் அந்த மாணவர். தெரிந்திருக்கலாம். ஆனால் தாளில் இருந்தது அப்பாவின் கையெழுத்து. எரிந்துபோன காருக்கு மாதத் தவணை மட்டும் தொடர்ந்தது. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத என்னாலான உதவியைச் செய்தேன்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எந்த மீறலுக்கும் கம்பெனி முழுத் தொகையையும் மறுத்துவிடலாம் என்பதில்லை. சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டியபோது அது பறிபோன ஒரு வழக்கில், அந்த மீறலுக்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை என்று 2008-இல் உச்சநீதிமன்றம் 75 சதவீதம் வழங்கச் சொல்லியது. இழப்புக்கும் மறைத்த செய்திக்கும் தொடர்பு உண்டா என்பதே அங்கே கேள்வி. தீ விபத்தில் எரிவாயுக் கருவி என்றால், அந்த வாதம் கடினமாகிவிடுகிறது. கார் மோதி வழிப்போக்கர் ஒருவர் அடிபட்டால் நிலை வேறு. அவரைக் காக்கச் சட்டம் கம்பெனியின் மறுப்புகளைக் குறுக்கி வைத்திருக்கிறது. அவருக்கு முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. அந்த வசூல் வீட்டையும் நிலத்தையும் தேடி வரும்.

கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் எதுவும் செய்யலாம் என்றும் எண்ணிவிடக் கூடாது. உற்பத்தியாளர் தந்த வடிவத்துக்கு மாறாக வண்டியின் கட்டமைப்பை மாற்ற இயலாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அழகுக்காக என்று அதை மாட்டுகிறார்கள். எனக்கென்னவோ அதில் அழகு ஒன்றும் தெரியவில்லை.

சொல்வதால் பிரீமியம் கூடத்தான் செய்யும் என்பதும் தவறான எண்ணம். கால் ஊனமுற்ற என் நண்பர் ஒருவர் கையாலேயே பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இயக்கும்படி காரை மாற்றிக்கொண்டார். முறைப்படி ஆர்.சி.யில் பதிந்து காட்டினால், இத்தகைய வண்டிகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி என்று அந்தக் கட்டண விதிகளிலேயே இருக்கிறது. அவர் நான்கு வருடம் முழுப் பிரீமியமும் கட்டியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவிக்கும் சிறு தள்ளுபடி உண்டு.

சொல்லும் முறை எளிது. பாலிசி எண், வண்டி எண், பொருத்திய பொருள், அதன் விலை, பொருத்திய தேதி ஆகியவற்றை ஒரு கடிதத்தில் எழுதி, ரசீது நகலையும், ஆர்.சி. நகலையும் இணைத்துக் கிளை அலுவலகத்தில் கொடுத்து, நமது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்; மின்னஞ்சலில் அனுப்பினாலும் சரியே. கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிட்டு, 'எண்டார்ஸ்மெண்ட்' என்னும் இணைப்புத் தாள் கைக்கு வரும் வரை விடக்கூடாது. ஏஜெண்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது, அந்தக் கருவியின் மதிப்பு புதிய பாலிசியில் தனி வரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனி மாறினால் பழைய கம்பெனிக்குச் சொன்னது அங்கே போய்ச் சேராது. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும்.