பெட்டியில் 'ஈகோ ஃப்ரெண்ட்லி'... உள்ளே 3 பேட்டரி! பட்ஜெட் இயர்பட்ஸ் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஆன்லைனில் 'இயர்பட்ஸ்' என்று தட்டினால் போதும். 800 ரூபாயில் தொடங்கி 2,000 ரூபாய் வரை ஏகப்பட்ட மாடல்கள் வரிசை கட்டி நிற்கும். அதில் சில பெட்டிகளில் பச்சை இலைப் படமும் 'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'சஸ்டெயினபிள்' என்ற வார்த்தைகளும் இருக்கும். காசும் குறைவு, சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனா அந்த இலைக்கு உண்மையில் என்ன அர்த்தம்? பல நேரங்களில் அது அட்டைப் பெட்டியைப் பற்றியோ, மேலே இருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றியோ மட்டும்தான் பேசுகிறது. ஒரு இயர்பட்ஸ் எவ்வளவு குப்பையாகப் போகிறது என்பதை முடிவு செய்வது வேறு ஒரு விஷயம்: அது எத்தனை வருஷம் உழைக்கும்? இந்த ஒரு கேள்விக்கான பதில்தான் உங்கள் பர்ஸையும் காப்பாற்றும். எப்படி? பார்க்கலாம்.

இவ்வளவு சின்ன பொருளில் அப்படி என்ன பிரச்னை?

இயர்பட்ஸ் ஒரு செட்டில் 3 பேட்டரிகள் இருக்கின்றன. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, சார்ஜிங் கேஸுக்குள் ஒன்று. மூன்றுமே லித்தியம் வகை பேட்டரிகள். இது போக ஸ்பீக்கருக்குள் சின்ன காந்தம், மைக், சர்க்யூட் போர்டு எல்லாம் சுண்டைக்காய் அளவு இடத்துக்குள் அடக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவையும் சின்ன இடத்தில் அடைக்க, பெரும்பாலான நிறுவனங்கள் ஸ்க்ரூவுக்குப் பதில் பசை போட்டு ஒட்டிவிடுகின்றன. பேட்டரி பலவீனமானால் திறந்து மாற்ற வழியில்லை. உடைத்தால்தான் திறக்கும். 2016-ல் ஆப்பிள் தனது முதல் ஏர்பாட்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் என்ற அமெரிக்க ரிப்பேர் தளம் கொடுத்த மார்க் 10-க்கு 0. விலை உயர்ந்த பொருளுக்கே இந்த நிலை என்றால், ஆயிரம் ரூபாய் இயர்பட்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ஸ்பீக்கர் நன்றாக இருக்கும், மைக் நன்றாக இருக்கும், புளூடூத் நன்றாக இருக்கும். பேட்டரி ஒன்று போனதற்காக மொத்த செட்டும் குப்பைக்குப் போகும். இதுதான் பிரச்னையின் வேர்.

பச்சை இலைக்கு என்ன அர்த்தம்?

நிறுவனங்கள் சொல்லும் 'பசுமை' பொதுவாக மூன்று வகை.

முதலாவது, பேக்கிங். பிளாஸ்டிக் உறைக்குப் பதில் காகித அட்டை, மூங்கில் அல்லது கரும்புச் சக்கை நார். நல்ல விஷயம்தான். ஆனா பெட்டியைப் பிரித்த அன்றே அதன் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது, மறுசுழற்சி பிளாஸ்டிக். சோனி நிறுவனம் 2022-ல் தனது லிங்க்பட்ஸ் எஸ் மாடலில் 'எர்த் ப்ளூ' என்ற நிறத்தைக் கொண்டுவந்தது. அதன் உடல் பகுதியில் பழைய தண்ணீர் பாட்டில்களில் இருந்து எடுத்த பிளாஸ்டிக்கும் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, மூங்கில், மரம் போன்ற இயற்கைப் பொருட்கள். ஹவுஸ் ஆஃப் மார்லி என்ற நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது.

இவை எதுவும் பொய் இல்லை. ஆனா மூங்கில் மூடிக்குள் இருப்பதும் அதே லித்தியம் பேட்டரிதான். அது ஒன்றரை வருஷத்தில் செத்துப்போனால் மூங்கிலும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். அதனால் இலைப் படத்தைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பகுதி மறுசுழற்சிப் பொருள்? எத்தனை சதவீதம்? இதற்குப் பெட்டியிலோ, நிறுவனத்தின் இணையதளத்திலோ பதில் இல்லை என்றால், அந்த இலை வெறும் அலங்காரம்.

பொய்யாகச் சொன்னால் கேட்க முடியுமா?

முடியும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் 'கிரீன்வாஷிங்' எனப்படும் போலிப் பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 'கிரீன்', 'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'சஸ்டெயினபிள்' போன்ற பொத்தாம்பொதுவான வார்த்தைகளை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. அந்த விவரத்தை விளம்பரத்திலேயே சொல்லலாம், அல்லது கியூ.ஆர். கோடு, இணைய முகவரி மூலம் தரலாம்.

அதாவது, பெட்டியில் இலை இருந்தால், அதற்கான காரணமும் நீங்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

எத்தனை வருஷம் உழைக்கும்? ஒரு எளிய கணக்கு

லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் கணக்கு வருஷத்தில் இல்லை, 'சைக்கிள்' கணக்கில். முழுதாகத் தீர்ந்து முழுதாக ஏறினால் ஒரு சைக்கிள். இரண்டு முறை பாதி பாதி ஏற்றினாலும் ஒரு சைக்கிள்தான். பொதுவாக 300 முதல் 500 சைக்கிள் தாண்டும்போது பேட்டரியின் கொள்ளளவு சுமார் 80 சதவீதமாகக் குறைந்துவிடும்.

இப்போது இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்வோம். 'ஏ' மாடல் விலை 1,000 ரூபாய். கேஸில் இருந்து எடுத்தால் 3 மணி நேரம் ஓடும். 'பி' மாடல் விலை 1,800 ரூபாய். 6 மணி நேரம் ஓடும். நீங்கள் ஒரு நாளைக்கு 3 மணி நேரம் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

'ஏ' மாடலுக்கு ஒரு நாளைக்கு ஒரு சைக்கிள். 500 சைக்கிள் என்பது 500 நாள். அதாவது சுமார் 1 வருஷம் 4 மாதம். 'பி' மாடலுக்கு ஒரு நாளைக்கு அரை சைக்கிள். 500 சைக்கிள் முடிய 1,000 நாள். அதாவது சுமார் 2 வருஷம் 9 மாதம்.

வருஷக் கணக்கில் வகுத்தால் 'ஏ' மாடலுக்கு 750 ரூபாய், 'பி' மாடலுக்கு சுமார் 655 ரூபாய். விலை அதிகமான மாடல்தான் கடைசியில் மலிவு! அது மட்டுமில்லை. கொள்ளளவு 80 சதவீதம் ஆன பிறகும் 'பி' மாடல் 4 மணி 48 நிமிடம் ஓடும். 'ஏ' மாடல் இரண்டரை மணி நேரத்தைக்கூடத் தொடாது.

இது தோராயக் கணக்குதான். வெயில், சூடு, சத்தம் வைக்கும் அளவு எல்லாம் இதை மாற்றும். ஆனா கணக்கு காட்டும் திசை தெளிவானது: ஒரே சார்ஜில் அதிக நேரம் ஓடும் இயர்பட்ஸ் அதிக வருஷமும் ஓடும்.

'50 மணி நேரம்' என்று போட்டிருக்கிறதே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 40 மணி, 50 மணி என்பது கேஸையும் சேர்த்த கூட்டுத்தொகை. கேஸுக்குள் பலமுறை வைத்து எடுத்தால் வரும் மொத்த நேரம் அது. நீங்கள் தேட வேண்டியது, சின்ன எழுத்தில் இருக்கும் 'ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம்' என்ற எண்.

அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பொதுவாக சத்தத்தைப் பாதி அளவில் வைத்து, ஏ.என்.சி.-யை ஆஃப் செய்து எடுத்த கணக்காக இருக்கும். பேருந்தில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஏ.என்.சி.-யா, ஈ.என்.சி.-யா? பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு. ஏ.என்.சி. இருந்தால் சுற்றியுள்ள சத்தம் உங்கள் காதுக்குக் குறையும். ஈ.என்.சி. என்பது மைக்குக்கானது. போனில் எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்க உதவும். ஈ.என்.சி. மட்டும் இருக்கும் மாடலை வாங்கிவிட்டு 'பஸ் சத்தம் குறையவே இல்லை' என்று வருத்தப்படாதீர்கள். ஏ.என்.சி. வேண்டாம் என்றால் பேட்டரியும் மிச்சம்.

வியர்வை தாங்குமா? நம்ம ஊர் வெயிலுக்கு இது முக்கியம். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கம் இருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். குறைந்தபட்சம் இதைப் பாருங்கள். பல மாடல்களில் இந்தத் தாங்குதிறன் பட்ஸுக்கு மட்டும்தான், கேஸுக்குக் கிடையாது. ஈரமான பட்ஸைத் துடைக்காமல் கேஸில் போட வேண்டாம்.

ஒற்றை பட் கிடைக்குமா? ஒன்று தொலைந்துபோனால் அல்லது ஒரு பக்கம் மட்டும் பழுதானால், அதை மட்டும் தனியாக விற்கிறார்களா, கேஸ் மட்டும் கிடைக்குமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இல்லை என்றால் ஒன்று போனால் மூன்றும் போன கணக்கு.

வாரண்டி எவ்வளவு? ஒரு வருஷ வாரண்டி என்றாலும் அதில் பேட்டரியும் சேருமா என்று கார்டில் படியுங்கள். உங்கள் ஊரிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கூரியரில் அனுப்ப வேண்டும் என்றால் பலர் அலுத்துப்போய் புதிதாகவே வாங்கிவிடுகிறார்கள்.

டைப்-சி சார்ஜிங்கா? போன் சார்ஜரிலேயே போட்டுக்கொள்ளலாம். தனி கேபிள் குப்பையாகச் சேராது.

பேட்டரியை மாற்றக்கூடிய இயர்பட்ஸே கிடையாதா?

இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபேர்போன் நிறுவனம் 2024 ஏப்ரலில் 'ஃபேர்பட்ஸ்' என்ற மாடலை ஐரோப்பாவில் வெளியிட்டது. இரண்டு பட், கேஸ் என மூன்று இடத்திலும் பேட்டரியை நாமே மாற்றலாம். ஐஃபிக்ஸிட் இதற்குக் கொடுத்த மார்க் 10-க்கு 10. ஆனா வெளியீட்டு விலை 149 யூரோ. நம்ம ஊர் மதிப்பில் 13,000 ரூபாய்க்கு மேல். பட்ஜெட் மாடல் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் ஒன்று நிரூபணமானது. சின்ன பொருள் என்பதால் பேட்டரியை மாற்ற முடியாது என்ற வாதம் எடுபடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ம் ஆண்டு பேட்டரி சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் அமலாகும் என்று அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவுக்காக டிசைன் மாறினால், அது மெல்ல மற்ற நாட்டுச் சந்தைகளுக்கும் வர வாய்ப்பு உண்டு.

காசும் மிச்சம், குப்பையும் குறைவு: வேறு வழி?

வயர்லெஸ்தான் வேண்டும், ஆனா ஏ.என்.சி., ஸ்டைல் எல்லாம் முக்கியம் இல்லை என்றால் நெக்பேண்டைப் பாருங்கள். இதில் சார்ஜிங் கேஸ் கிடையாது. பேட்டரியும் பட்ஸில் இருப்பதைவிடப் பெரியது. அதனால் ஒரு சார்ஜுக்கு ஓடும் நேரமும் அதிகம். கழுத்திலேயே கிடப்பதால் ஒற்றை பட் தொலையும் பிரச்னையும் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் ரிப்பேர் பார்ப்பவர்களுக்கும் பட்ஸைவிட நெக்பேண்டைத் திறப்பது சுலபம்.

வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்க, ஆன்லைன் வகுப்பு கேட்க என்றால் பழைய வயர் இயர்போனே போதும். பேட்டரியே இல்லாததால் சார்ஜ் தீரும் கவலையும் இல்லை, பேட்டரி குப்பையும் இல்லை. போனில் ஜாக் இல்லை என்றால் டைப்-சி இயர்போன் கிடைக்கிறது.

வாங்கியதை நீண்ட நாள் ஓட்டுவது எப்படி?

லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. வெயிலில் நிற்கும் பைக்கின் டேங்க் கவரிலோ, கார் டேஷ்போர்டிலோ கேஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரவு முழுக்க கேஸை சார்ஜில் போட வேண்டாம். முழுதாகத் தீரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. கொஞ்ச நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே பழுது என்று முடிவு செய்யாமல், வலையில் அடைத்திருக்கும் அழுக்கை உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து பாருங்கள்.

செத்துப்போன இயர்பட்ஸை எங்கே போடுவது?

வீட்டுக் குப்பைத் தொட்டியில் மட்டும் போடவே கூடாது. குப்பை வண்டியில் நசுங்கும்போது லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். பெட்டியில் குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் இருப்பது இதை எச்சரிக்கத்தான்.

2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பு அதைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்களுடையது. மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம்முடைய பொறுப்பு. பிராண்டின் இணையதளத்தில் மின்கழிவு சேகரிப்பு மையம் எங்கே என்று பாருங்கள். அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியலை தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியமும் வெளியிடுகிறது.

2022-ல் உலகம் முழுக்க உருவான மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

சுருக்கமாக...

அடுத்த முறை 'பை நவ்' பட்டனை அழுத்தும் முன் 5 விஷயம் பாருங்கள். ஒரு சார்ஜுக்கு 6 மணி நேரமாவது ஓடுமா? வாரண்டியில் பேட்டரி சேருமா? ஒற்றை பட், கேஸ் தனியாகக் கிடைக்குமா? பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? பச்சை இலைக்கு ஆதாரம் காட்டியிருக்கிறார்களா?

ஐந்தில் முதல் நான்குக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால், பெட்டியில் இலை இல்லாவிட்டாலும் தாராளமாக வாங்கலாம். இப்போது கையில் இருக்கும் இயர்பட்ஸ் இன்னும் நன்றாக ஓடுகிறதா? அப்போ இந்த ஆஃபரை விட்டுவிடலாம். அடுத்த மாதமும் ஆஃபர் வரும்.