பரணில் தூங்கிய 'ஒரிஜினல்'!

'ஒரிஜினல்'னு எழுதியிருந்தாலே அது டூப்ளிகேட்தான்! இது பர்மா பஜார் காலத்துல இருந்து நாம நம்பி வர்ற தத்துவம். எங்க வீட்டுப் பரண்ல, கோணிச் சாக்குக்குள்ள இருந்து நான் உருவின ஏர் ரைஃபிள் மேலயும் 'ஒரிஜினல் மாடல் 27'னுதான் பொறிச்சிருந்துச்சு. போட்டோ எடுத்து ஹாஸ்டல் குரூப்புல போட்டேன். ''மச்சி, சுத்த டுபாக்கூர்டா! காயலான் கடையில போட்டுப் பரோட்டா சாப்பிடலாம் வா''னு ஒரே கலாய்.

ஆனா மக்களே... அது நிஜமாவே ஒரிஜினல்!

ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் 1890-ல் ஆரம்பித்த கம்பெனியின் பிராண்ட்தான் 'டயானா'. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் அந்த ஃபேக்டரியின் மெஷின்கள் பிரிட்டனுக்குப் போய்விட்டன. ஸ்காட்லாந்தில் 'மில்ப்ரோ' என்ற கம்பெனி, அந்த மெஷின்களோடு டயானா என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு துப்பாக்கி செய்ய ஆரம்பித்தது. பின்னாடி ஜெர்மன்காரர்கள் மறுபடி தொழிலுக்கு வந்தபோது, பிரிட்டனில் தங்கள் பெயரிலேயே தங்கள் சரக்கை விற்க முடியவில்லை. அதனால் அங்கே வைத்த பெயர்தான் 'ஒரிஜினல்'. சொந்தப் பெயரைப் பறிகொடுத்தவனோட ரோஷம் பாஸ் அது!

இந்த ஒரிஜினல் மதுரை செல்லூருக்கு எப்படி வந்தது? எங்க தாத்தாதான் காரணம். சித்திரைத் திருவிழா சமயத்தில் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில் பலூன் சுடுற கடை போட்டவர் அவர். கொடைக்கானல் எஸ்டேட்டை விட்டுட்டு ஊருக்குக் கிளம்பின ஒரு வெள்ளைக்காரர்கிட்ட 1968-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கார். அழகர் ஆத்துல இறங்குற வாரம் முழுக்க 'டப்... டப்...'னு பலூன் வெடிக்க வெடிக்க, எங்க அப்பாவோட ஸ்கூல் ஃபீஸ் சேர்ந்திருக்கு.

ஆனா 1984-ல் கடையை மூடிட்டு, துப்பாக்கியைச் சாக்குல சுத்திப் பரண்ல போட்டவர், அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசினதே இல்லை. ஏன்னு கேட்டா, ''விடுறா அதை''. அவ்வளவுதான்.

செமஸ்டர் லீவு. நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். கையில ஸ்பேனர், மண்டையில திமிர். ரிப்பேர் பண்ணியே தீரணும்னு உட்கார்ந்தேன்.

பீரோவில் ஒரு பள்ளம்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் வெடிமருந்து எதுவும் கிடையாது. பேரலை மடக்கினால் உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். ட்ரிக்கரை அழுத்தினால் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளும். மில்லி செகண்டுகளில் காற்று அமுங்கி, ஈயக் குண்டைப் பின்னாலிருந்து தள்ளும். சிம்பிள்!

நான் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. பேரலை மடக்காமல் சும்மா கிடக்கும்போதும் அந்த ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கிய நிலையில்தான் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஹாலில் உட்கார்ந்து, கட்டையைக் கழற்றிவிட்டு, ஆணியை வைத்துச் சுத்தியலால் பின்னைத் தட்டினேன். 'டங்'!

பின்பக்கத்துப் பாகம் பறந்து போய் ஸ்டீல் பீரோவில் அடித்தது. பீரோவில் ஒரு பள்ளம். அதுக்கும், பக்கத்துல உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கிட்டு இருந்த என் தங்கச்சி தலைக்கும் நடுவுல சரியா ஒரு சாண். நான் அளந்து பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

''நாளைக்குக் காலையில இது காயலான் கடைக்குப் போகணும்''னு அப்பா கத்தினார். அவர் சொன்னது நியாயம்தான். நான் வாயைத் திறக்கலை. அப்போதான் தாத்தா திண்ணையில இருந்து எழுந்து வந்தார்.

''84-ல நான் ஏன் கடையை மூடினேன் தெரியுமா? ஒரு ஆளு குறி பார்த்துக்கிட்டு இருக்கான். ஒரு பய, வெடிச்ச பலூன் துண்டைப் பொறுக்கப் பலகைக்கு அடியில அங்கிட்டு இருந்து இங்கிட்டு ஊர்ந்து வந்துட்டான். நான் பேரலைத் தட்டிவிட்டேன். குண்டு தகரத்துல பட்டுச்சு. அந்தப் பய யாரு தெரியுமா?'' என்றவர் அப்பாவைப் பார்த்தார். ''உங்கப்பன்தான்.''

அப்பா அப்படியே உட்கார்ந்துட்டார். அப்போ அவருக்கு ஒன்பது வயசு. அன்னிக்கு வாங்கின அறை மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கு. எதுக்கு வாங்கினோம்னு இத்தனை வருஷம் தெரியவே தெரியாதாம்.

''இரும்பு மேல தப்பு இல்லை. நான் கவனிக்காம விட்டது தப்பு. இவனும் அவசரப்பட்டது தப்பு. கழட்டுறதுனா கத்துக்கிட்டுக் கழட்டணும். நாளைக்கு நான் கூட உட்கார்றேன்'' என்றார் தாத்தா. அப்பா எதுவும் சொல்லலை. வேணாம்னும் சொல்லலை.

சைக்கிள் பம்ப் பாடம்

மறுநாள் முதல் வேலை, தங்கச்சியை வீட்டுக்குள்ள அனுப்பியது. ரெண்டாவது, பலகைகளை ஒட்டும்போது இறுக்குற நீளமான கிளாம்ப்பைத் தெருமுனை ஆசாரிகிட்ட இரவல் வாங்கியது. துப்பாக்கியின் பின்பக்கத்தைக் கிளாம்ப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னை எடுக்க வேண்டும். அப்புறம் மரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஸ்பிரிங் சாதுவாக வெளியே வந்தது. நேற்று பீரோவை இடித்த பூதம் இதுவா என்று எனக்கே சந்தேகம்!

ஸ்பிரிங் நல்லா இருக்கானு பார்க்கத் தாத்தா சொன்ன டெஸ்ட்: தரையில உருட்டு. கோணிப்போன ஸ்பிரிங் தத்தித் தத்தி ஓடும். எங்களோடது நேரா உருண்டு கட்டிலுக்கு அடியில போச்சு. பாஸ்!

பிஸ்டன்தான் ஃபெயில். அதன் முனையில் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து கருவாடாகியிருந்தது. இந்த வாஷரை நீங்களும் பார்த்திருப்பீங்க. பழைய சைக்கிள் பம்ப்பிலும், பாட்டியின் பம்ப் ஸ்டவ்விலும் இருக்கும் கிண்ணம் மாதிரியான அதே தோல் வாஷர்தான். காற்று அழுத்தும்போது கிண்ணத்தின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், காற்று பின்னால் கசியாது. காய்ந்துபோனால் விரியாது. சைக்கிள் பம்ப் காத்து ஏத்தலைனா, வாஷரைக் கழட்டி எண்ணெயில ஊறப் போடுவோமே... அதே ட்ரீட்மென்ட்தான் இதுக்கும்.

ஆனா எங்க வாஷர் விளிம்புல கிழிஞ்சே போயிருந்துச்சு. செருப்புத் தைக்கும் அண்ணனிடம் பட்டை வைத்துப் பதனிட்ட கெட்டித் தோல் ஒரு துண்டு வாங்கினோம். வெர்னியரில் அளவெடுத்து, லேத் பட்டறையில் ஒரு சின்ன அச்சு கடைந்தோம். தோலைத் தண்ணியில ஊறவெச்சு, அச்சுல அழுத்தி, ரெண்டு நாள் நிழல்ல காயவெச்சா... கிண்ணம் ரெடி!

அடுத்து எண்ணெய்ப் பஞ்சாயத்து. வெளிநாட்டில் மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயில் ஊறவைப்பார்கள். தாத்தாவுக்குத் தேங்காய் எண்ணெய்தான் சர்வரோக நிவாரணி. ''24 டிகிரிக்குக் கீழே அது உறைஞ்சிடும் தாத்தா''னு நான் சயின்ஸ் பேசினேன். ''நீ என்ன கொடைக்கானல்லயா கடை போடப் போற? மதுரையில எண்ணைக்குடா எண்ணெய் உறைஞ்சிருக்கு?'' என்றார். கேஸ் டிஸ்மிஸ். ஒரு ராத்திரி ஊறவெச்சோம்.

ஊறியதை அப்படியே மாட்டாமல், பிழிந்து துணியில் ஒற்றி எடுக்கச் சொன்னேன். இது நான் ஜெயித்த பாயின்ட். காற்று சட்டென்று அமுங்கும்போது பயங்கரமாகச் சூடாகும். அங்கே எண்ணெய் தேங்கியிருந்தால் டீசல் இன்ஜின் மாதிரி தீப்பிடித்து வெடிக்கும். அதற்குப் பெயரே 'டீசலிங்'. சீலும் போகும், ஸ்பிரிங்கும் போகும். தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்ச நான், அன்னிக்குத்தான் அந்தப் பாடத்தை முழுசா புரிஞ்சுக்கிட்டேன்!

மத்ததெல்லாம் பொறுமை வேலை. அல்வா மாதிரி கெட்டியான பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவினோம். துருவை எண்ணெய் தொட்ட மெல்லிசு ஸ்டீல் வுல்லால் தேய்த்தோம். பெயின்ட் அடிக்கவே கூடாது. மிச்சம் இருக்கும் நீலக் கறுப்புதான் அதன் வயசுக்கு அழகு. ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் பக்கவாட்டுக்கும் மாலிப்டினம் கிரீஸைத் துளியூண்டு தடவினோம். பீச் மரக் கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் பூசினோம். உஷார்! ஆளி விதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிட வேண்டும்.

'புஸ்'ஸும் ஒரு டிஷ்யூ பேப்பரும்

மாட்டி முடித்து, பின்புறச் சுவர் ஓரம் மணல் மூட்டைகளை அடுக்கி, முதல் குண்டைச் சுட்டேன். 'புஸ்'. அட்டையைக் குண்டு செல்லமாகத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தது. நொந்துட்டேன்!

தாத்தா கண்ணை மூடிக் கேட்டார். ''வாஷர் நல்லா இருக்கு. மடக்குற இடத்துல காத்து போகுதுடா.'' செக் பண்ண, பேரல் மடங்கும் மூட்டின் மேல் டிஷ்யூ பேப்பர் ஒரு துண்டு வைத்துச் சுட்டோம். பேப்பர் துள்ளி எழுந்தது. அங்கே இருக்கும் சின்னத் தோல் வளையம் தேய்ந்திருந்தது. அதுக்கும் புதுசு வெட்டிப் போட்டோம். பேப்பர் கப்சிப்!

வேகத்தை அளக்க நான் ஒரு டெக்னிக் பிடித்தேன். ஆறு மீட்டர் தூரத்தில் தகரம். செல்போனைத் துப்பாக்கி பக்கத்தில் வைத்து ரெக்கார்டிங். சுடும் சத்தத்துக்கும் தகரத்தில் படும் சத்தத்துக்கும் இடைவெளி 58 மில்லி செகண்ட். தகரத்திலிருந்து சத்தம் திரும்பி வர 18 மில்லி செகண்டைக் கழித்தால், குண்டு பயணித்தது 40 மில்லி செகண்ட். ஆக வேகம், செகண்டுக்கு சுமார் 150 மீட்டர். அரை கிராம் குண்டுக்கு ஐந்தரை ஜூலுக்குப் பக்கம். கசிவோடு சுட்டபோது இதில் பாதிகூட இல்லை!

நம்ம நாட்டில் 2016 ஆயுத விதிகள்படி 20 ஜூலையும் 4.5 மி.மீ. துளையையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. எங்களோடது ரெண்டுக்கும் உள்ளதான். எதுக்கும் உள்ளூர் காவல் நிலையத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நிம்மதி. குருவி, அணில்னு கிளம்பினா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 உங்களைக் குறி வைக்கும், ஜாக்கிரதை! குறி பார்க்க ஆசையா இருந்தா, ரைஃபிள் கிளப்புக்குப் போங்க. அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் அடித்தது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் கலக்குவதும் அதில்தான்.

தாத்தாவின் ஐந்து கட்டளைகள்

1. குண்டு இருக்கோ இல்லையோ, மனுஷன் பக்கம் வாயைத் திருப்பாதே.

2. கிளாம்ப் இல்லாமல் ஸ்பிரிங்கைக் கழற்றாதே. கண்ணாடி போடாமல் பக்கத்திலேயே வராதே.

3. மடக்கிக் குண்டு போடும்போது பேரலை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள். நழுவினால் விரல் போகும்.

4. குண்டில்லாமல் சுடாதே. பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை மாதிரி நிற்கும் காற்று ஓடிவிடும். இரும்போடு இரும்பு இடித்து உடையும்.

5. மடக்கிய நிலையில் வைத்துவிட்டுப் போகாதே. ஸ்பிரிங்கும் சோரும், யாராவது தொட்டால் வம்பு.

கடைசி பலூன்

லீவு முடியுறதுக்கு முதல் நாள் சாயங்காலம். மணல் மூட்டைக்கு முன்னால் தங்கச்சி ஊதிய ஒரு சிவப்புப் பலூன். எல்லாரையும் தாத்தா தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். எண்ணிப் பார்த்தார். அப்பாவை மட்டும் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

79 வயசு. ஒரு கண்ணில் ஏற்கெனவே புரை ஆபரேஷன். கை லேசா நடுங்குச்சு. கட்டையைத் தோளில் வெச்சதும் நடுக்கம் நின்னுபோச்சு.

'டப்!'

தங்கச்சி பலூன் துண்டு பொறுக்க ஓடப் பார்த்தாள். அவளைப் பிடித்து நிறுத்தியது அப்பாவின் கை. தாத்தா நிதானமாகப் பேரலைத் திறந்து, உள்ளே பார்த்து, துப்பாக்கியைத் திறந்தபடியே மேஜை மேல் வைத்தார்.

''இப்போ போ பாப்பா'' என்றார்.